நூலகமும் சமூக ஊடகமும்: பேசுவது பாதி, கேட்பது பாதி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூலகம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அமைதி. சுவரில் 'அமைதி காக்கவும்' என்ற பலகை. பேசும் சிறுவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கும் நூலகர். தாள் புரளும் ஓசை. அந்த நூலகம் இன்று பேசத் தொடங்கிவிட்டது. முகநூலில் புதிய நூல்களை அறிமுகப்படுத்துகிறது. இன்ஸ்டகிராமில் நூலகர்களே தோன்றி வேடிக்கையாகக் காணொளி வெளியிடுகிறார்கள். வாசகர் வீட்டில் இருந்தபடி ஒரு கேள்வி கேட்டால், கைப்பேசிக்கே பதில் வருகிறது.

பேசுவது நல்லதுதான். ஆனால், பேசுவதோடு நின்றுவிட்டால் அது ஒலிபெருக்கி வேலை. சமூக ஊடகத்தின் சிறப்பே, மறுமுனையில் இருப்பவரும் வாய் திறக்கலாம் என்பதுதான். அவர் சொல்வதை நூலகம் கேட்கிறதா? கேட்டதை வைத்து என்ன செய்கிறது? இந்த இரண்டு கேள்விகளே இன்றைய உரையின் மையம்.

முகப்பில் மறைந்த பேச்சு

நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலக மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பதும், வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பதும் அவற்றின் சாரம். கணினியே இல்லாத காலத்தில் சொன்ன கருத்துகள் என்றாலும், சமூக ஊடகம் ஒரு நூலகத்திற்கு எதற்கு என்று கேட்பவருக்கு அவற்றிலேயே விடை இருக்கிறது.

முன்பெல்லாம் நூலகருக்கும் வாசகருக்கும் இடையே பேச்சு நடந்த இடம் நூலகத்தின் முகப்பு. நூலை நீட்டும்போது இரண்டு வார்த்தை பேசுவார்கள். "இவர் எழுதிய அடுத்த புத்தகம் வந்திருக்கிறதா?" என்று வாசகர் கேட்பார். வாசகர் எதைத் தேடி வருகிறார், எது கிடைக்காமல் திரும்புகிறார் என்பது அங்கே நிற்கும் நூலகருக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

பிறகு தானியக்க முறை வந்தது. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் நூலகம் 1998ல், நூலுக்குள் மின்னணு வில்லை பொருத்தி இரவல் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. அந்தத் துறையில் சிங்கப்பூர் உலகுக்கே முன்னோடி. நீண்ட வரிசைகள் மறைந்தன. யாரிடமும் பேசாமலே நூலை எடுத்துச் செல்லலாம், திருப்பியும் போடலாம். நேரம் மிச்சமானது, ரங்கநாதன் மகிழ்ந்திருப்பார். ஆனால், வரிசையோடு சேர்ந்து அந்த இரண்டு வார்த்தைப் பேச்சும் குறைந்துபோனது.

2005ஆம் ஆண்டு மைக்கேல் கேசி என்னும் அமெரிக்க நூலகர் 'நூலகம் 2.0' என்ற சொல்லைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். நூலகச் சேவையை நூலகம் மட்டும் தீர்மானிக்காமல், வாசகரும் சேர்ந்து உருவாக்கவேண்டும் என்பது அதன் கருத்து. முகநூல் 2004லும் டுவிட்டர் 2006லும் பிறந்த காலம் அது. முகப்பில் மறைந்த பேச்சை இணையத்தில் மீட்டெடுக்க நூலகங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியமும் அந்த ஆண்டுகளிலேயே வலைப்பூக்களில் நூல்களைப் பற்றி எழுதவும், குறுஞ்செய்திவழி வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் தொடங்கியது.

படத்தில் இருப்பவர் யார்?

கேட்பதால் ஒரு நூலகத்திற்கு என்ன லாபம் என்பதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவில் இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், உலகின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று. அதனிடம் பழைய புகைப்படங்கள் ஏராளம். பலவற்றில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரமே இல்லை. நூலகம் என்ன செய்தது? 2008 ஜனவரியில், பொதுமக்கள் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஃபிளிக்கர் தளத்தில் 3,000க்கும் அதிகமான படங்களை வைத்து, தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அழைத்தது.

அந்த ஆண்டு அக்டோபருக்குள் படங்களின் எண்ணிக்கை 4,615 ஆனது. அவை ஒரு கோடி முறைக்கும் மேல் பார்க்கப்பட்டன. 7,166 கருத்துகள் குவிந்தன. தாத்தாவை அடையாளம் கண்ட பேரன் எழுதினார். தெருவின் பெயரைச் சொன்னார் அந்த ஊர்க்காரர். பழைய நாளிதழ்களைப் புரட்டித் தேதியைக் கண்டுபிடித்தனர் வேறு சிலர்.

நேயர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. வந்த தகவலை நூலகர்கள் அப்படியே ஏற்கவில்லை, ஒவ்வொன்றையும் சரிபார்த்தனர். சரியென்று உறுதியானவற்றைக் கொண்டு 500க்கும் அதிகமான படங்களின் அட்டவணைக் குறிப்புகளைத் திருத்தினர். பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தால் கண்டபடி எழுதுவார்கள் என்ற அச்சம் எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு. அந்தப் பத்து மாதங்களில் தகாதவை என்று நீக்கப்பட்டவை 25க்கும் குறைவு. மக்களை நம்பிக் கேட்ட நூலகத்திற்கு, சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான உதவியாளர்கள் கிடைத்தார்கள்.

சிங்கப்பூரும் இந்த வழியில் நடந்தது. 2011ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் நினைவுத் திட்டம், சாதாரண மக்களின் நினைவுகளைத் திரட்டியது. ஐம்பது இலட்சம் நினைவுகள் என்பது அதன் இலக்கு. கம்பத்து வீடு, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை, இன்று இல்லாத திரையரங்கு என்று வரலாற்று நூல்களில் இடம்பெறாதவற்றுக்கும் அதில் இடம் கிடைத்தது. தேசிய நூலக வாரியத்தின்கீழ் இயங்கும் தேசிய ஆவணக்காப்பகம் 2015ல் குடிமக்கள் ஆவணக்காப்பாளர் திட்டத்தைத் தொடங்கியது. பழைய கையெழுத்து ஆவணங்களைப் படித்துத் தட்டெழுதவும், விவரமில்லாத படங்களுக்கு விவரம் சேர்க்கவும் பொதுமக்கள் அழைக்கப்பட்டனர். வாசகர் வெறும் வாங்குபவர் அல்லர், கொடுப்பவரும்கூட என்பதை இந்தத் திட்டங்கள் காட்டின.

கடிதத்திலிருந்து முகநூலுக்கு

கேட்பது எப்போதும் இனிமையாக இருப்பதில்லை. பாராட்டைக் கேட்பது எளிது. கோபத்தைக் கேட்பதுதான் சோதனை.

சிங்கப்பூர் வாசகர்கள் கோபப்பட்டது சமூக ஊடகம் வந்த பிறகுதான் என்று நினைத்துவிடக்கூடாது. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960ல் திறக்கப்பட்ட செங்கல் நிறத் தேசிய நூலகத்தை இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வெளியானபோது, 1999, 2000ஆம் ஆண்டுகளில் நாளிதழ்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 2004 மார்ச் 31ஆம் தேதி நூலகம் மூடப்பட்டது. ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காகக் கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. விக்டோரியா ஸ்திரீட்டில் புதிய தேசிய நூலகம் 2005ல் திறந்தது. ஆனாலும், அந்தக் கடிதங்கள் வீண்போகவில்லை. ஒரு கட்டடத்தின் மதிப்பு அதன் அழகில் மட்டும் இல்லை, மக்களின் நினைவிலும் இருக்கிறது என்ற விவாதத்தைச் சிங்கப்பூரில் வளர்த்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

பதினான்கு ஆண்டுகள் கழித்து நடந்தது வேறு வேகத்தில் நடந்தது. 2014 ஜூலையில், மூன்று சிறுவர் நூல்களைப் பற்றி ஒரு வாசகர் நூலக வாரியத்திற்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பினார். வழக்கமான குடும்பத்திலிருந்து மாறுபட்ட குடும்பங்களைக் காட்டும் நூல்கள் அவை. ஒரு குஞ்சை இரண்டு ஆண் பென்குவின்கள் வளர்க்கும் கதை அவற்றில் ஒன்று. நூல்கள் மீட்டுக்கொள்ளப்படும் என்ற பதில் முகநூலில் பகிரப்பட்டது. சில நாள்களில் நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆதரித்தும் எதிர்த்தும் மனுக்கள் எழுந்தன. ஜூலை 13ஆம் தேதி நூற்றுக்கணக்கானோர் பிள்ளைகளோடு தேசிய நூலகக் கட்டடத்தின் முன் கூடி, அமர்ந்து, புத்தகம் படித்தார்கள்.

ஜூலை 18ஆம் தேதி, அப்போதைய தொடர்பு, தகவல் அமைச்சர் யாக்கோப் இப்ராஹிம் இரண்டு நூல்களைப் பெரியவர்களுக்கான பகுதியில் வைக்கும்படி உத்தரவிட்டார். மூன்றாவது நூல் அதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது.

எந்தத் தரப்பு சரி என்பதில் நேயர்களிடையே வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். சிறுவருக்கு எது ஏற்றது என்பதில் பெற்றோரின் கவலையும் உண்மையானது. பொது நூலகம் எல்லாருக்கும் உரியது என்ற வாதமும் உண்மையானது. நூலகங்கள் இதிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரு தனி வாசகருக்கு அனுப்பும் பதில்கூட இன்று ஊருக்கே அனுப்பும் பதில்தான். ஆகவே, ஒரு நூல் எப்படித் தெரிவு செய்யப்படுகிறது, எப்படி மறுபரிசீலிக்கப்படுகிறது என்ற விதிமுறை முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கூச்சல் எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணிப்பார்த்து முடிவெடுப்பது கேட்பது ஆகாது. காரணத்தை ஆராய்ந்து, தன் முடிவுக்கும் காரணம் சொல்வதே கேட்பது.

கதவு மூடியிருந்த நாள்கள்

கொவிட்-19 பரவியபோது, 2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் நூலகங்கள் மூடப்பட்டன. ஜூலை 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. ஏறக்குறைய மூன்று மாதங்கள், நூலகம் என்றால் அது திரைதான். கதை சொல்லும் நிகழ்ச்சிகளும் உரைகளும் இணையத்திற்கு மாறின. மின்னூல்கள் கைகொடுத்தன. அதற்கு முன்பே இணையத்தில் வாசகரோடு பழகியிருந்த நூலகங்களுக்கு அந்த நாள்கள் ஓரளவு எளிதாகக் கடந்தன. பழக்கமில்லாத வீட்டின் கதவை ஆபத்து நேரத்தில் தட்டுவது கடினம் அல்லவா?

தமிழ் வாசகரின் குரல்

இனி, தமிழ் வாசகருக்கு இதில் என்ன பங்கு என்று பார்க்கலாம்.

1953ஆம் ஆண்டு வள்ளல் லீ கோங் சியான், சிங்கப்பூரில் பொது நூலகம் அமைக்க 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். நூலகம் இலவசமாக இருக்கவேண்டும், உள்ளூர் மொழி நூல்களும் அதில் இடம்பெறவேண்டும் என்பது அவரது நிபந்தனை. அதுவரை நூலகம் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே உரியதாக இருந்தது. இன்று சிங்கப்பூர் நூலகங்களில் தமிழ் அலமாரி இருக்கிறது என்றால், அதன் பின்னால் அப்படி ஒரு வாக்குறுதி இருக்கிறது.

ஆனால், அலமாரி இருப்பது ஒன்று; அது உயிரோடு இருப்பது வேறு. ஒரு நூலை யாரும் இரவல் பெறவில்லை என்றால், அதை வாசிக்க ஆளில்லை என்றுதான் கணினி சொல்லும். அந்த நூல் வந்திருப்பதே வாசகருக்குத் தெரியாது என்பதைக் கணினி சொல்லாது. தேடிய நூல் இல்லாமல் ஏமாந்து திரும்பிய தமிழ் வாசகரைப் பற்றியும் அது சொல்லாது. எண்ணிக்கையில் சிறிய சமூகத்திற்கு இது பெரிய ஆபத்து. பேசாத வாசகரின் தேவை பட்டியலில் இடம்பெறுவது கடினம்.

தமிழில் பேச ஒரு காலத்தில் கருவியே இல்லை. கணினியில் தமிழ் எழுத்தைக் கொண்டுவரச் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி பாடுபட்டார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். அவரது 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியீடு கண்டு, கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழில் தட்டெழுதலாம். இத்தனை உழைப்பில் கிடைத்த வசதியைப் பயன்படுத்தி, நூலகத்தின் முகநூல் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதுபவர் எத்தனை பேர்?

தமிழ்ச் சமூகம் வாய் திறந்து கேட்டால், கை கொடுத்து உழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. சிங்கப்பூர் சுதந்திரம் பெற்று ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்த 2015ல், தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் நிறைவேறியது. அந்த ஐம்பதாண்டுக் காலத்துச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. அருண் மகிழ்நன் தலைமையிலான குழுவோடு நூலக வாரியமும் கைகோத்தது. எழுத்தாளர்கள் அனுமதி தந்தார்கள். தொண்டூழியர்கள் மெய்ப்புப் பார்த்தார்கள். நூலகம் மட்டும் முயன்றிருந்தாலும் முடிந்திருக்காது. சமூகம் மட்டும் முயன்றிருந்தாலும் முடிந்திருக்காது.

நூலகங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஆங்கிலப் பதிவை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டால் அது தமிழ் வாசகரோடு பேசுவது ஆகாது. பொங்கலன்று எதை வாசிக்கலாம், உள்ளூர் எழுத்தாளரின் புதிய சிறுகதைத் தொகுப்பு எந்த நூலகத்தில் கிடைக்கும், பாலர் பள்ளிப் பிள்ளைக்குத் தாத்தா பாட்டி படித்துக்காட்ட ஏற்ற தமிழ் நூல் எது என்று அவர்களுடைய வீட்டிலிருந்து பேச்சைத் தொடங்கவேண்டும். கேள்வி தமிழில் வந்தால் பதிலும் தமிழில் போகவேண்டும்.

சொந்த வீடும் வாடகை வீடும்

இவ்வளவு நன்மை இருந்தாலும், சமூக ஊடகம் நூலகத்தின் சொந்த வீடு அன்று, வாடகை வீடு. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றலாம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே இதற்கும் சான்று. டுவிட்டரில் பொதுவில் வெளியான எல்லாப் பதிவுகளையும் சேமித்து வைப்பதாக 2010ல் அது அறிவித்தது. பதிவுகளின் அளவு கட்டுக்கடங்காமல் பெருகியது. 2017 டிசம்பரில், இனிமேல் தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே சேமிப்பதாக அறிவித்துவிட்டது. டுவிட்டரும் கைமாறிய நிறுவனத்தின் விருப்பப்படி 2023ல் 'எக்ஸ்' என்று பெயர் மாறியது. ஆகவே, வாசகர் தரும் அரிய தகவலையும் நினைவுகளையும் நூலகம் தன் சொந்தப் பெட்டகத்தில் எடுத்து வைக்கவேண்டும். முகநூலில் விட்டுவைத்தது முகநூலோடு போய்விடலாம்.

இதைவிட முக்கியமானது அந்தரங்கம். ஒருவர் என்ன நூல் படிக்கிறார் என்பதை வெளியில் சொல்லக்கூடாது என்பது நூலகர்களின் பழைய அறம். அமெரிக்க நூலகச் சங்கம் 1939லேயே இதைத் தன் நெறிமுறையில் சேர்த்தது. நோயைப் பற்றியும் கடனைப் பற்றியும் மணமுறிவைப் பற்றியும் ஒருவர் தயங்காமல் படிக்க இடம் தருவது நூலகம். சமூக ஊடக நிறுவனங்களோ, பயனாளர் எதைப் பார்க்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டே பணம் ஈட்டுகின்றன. முகநூல் பயனாளர்களில் 8 கோடியே 70 இலட்சம் பேர்வரை அவர்களின் தகவல் முறைகேடாகப் பகிரப்பட்டிருக்கலாம் என்று 2018ல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. எனவே, பொதுவான கேள்விகளை முகநூலில் கேட்கலாம். சொந்த விவகாரம் சார்ந்த கேள்வியை நூலகரிடம் நேரிலோ தொலைபேசியிலோ கேட்பதே பாதுகாப்பு. இதை வாசகருக்கு எடுத்துச்சொல்வதும் நூலகத்தின் பொறுப்பே.

முகநூலில் இல்லாதவர்

இறுதியாக, ஒருவரை மறந்துவிடக்கூடாது. காலையில் நூலகம் திறக்கும்போதே வந்து, தமிழ் நாளிதழை விரித்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கும் முதியவர் அவர். அவரிடம் முகநூல் கணக்கு இருக்காது. அவர் 'விருப்பம்' என்று அழுத்தவும் மாட்டார், கருத்து எழுதவும் மாட்டார். இணையத்தில் வரும் குரல்களை மட்டுமே வைத்து நூலகம் திட்டமிட்டால், எல்லாரையும்விட அடிக்கடி நூலகத்திற்கு வருபவரின் குரல் விடுபட்டுப்போகும். அவர் பக்கத்தில் போய் அமர்ந்து, "ஐயா, என்ன நூல் வேண்டும்?" என்று கேட்க இயந்திரத்தால் முடியாது. அதற்கு ஒரு நூலகர் வேண்டும்.

நேயர்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை நூலகத்தில் தேடிய தமிழ் நூல் கிடைக்கவில்லை என்றால், பேசாமல் திரும்பிவிடவேண்டாம். நூலின் பெயரையும் எழுத்தாளரின் பெயரையும் தமிழிலேயே எழுதி நூலகத்திற்கு அனுப்புங்கள். படித்து மகிழ்ந்த நூல் இருந்தால் அதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள்; அதைப் பார்த்து இன்னொருவர் எடுத்துப் படிப்பார். வீட்டுப் பெரியவர்களுக்காகப் பேரப்பிள்ளைகள் எழுதலாம்.

பேசும் வாசகரும் கேட்கும் நூலகமும் இருக்கும்வரை தமிழ் அலமாரியில் தூசு படியாது.